ஒரு குழந்தைக்கு எத்தனை கால்கள் வேண்டும்?

ஐயா, வணக்கம். ஆயுதம் விற்கும் நாடுகளே போரில் அடிபட்டவர்களுக்கு நிதியும் அனுப்புகின்றன. அதில் பெரும்பகுதி அதிகாரிகளுக்கும் ஆலோசகர்களுக்கும் போய்விடுகிறது. மிச்சம், வாங்குபவர்களைக் கையேந்திகளாக்குகிறது. 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை மூடியது நல்லதுதானே?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆயுதம் பற்றிய உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்கிறபடி செய்தால், குண்டு போட்டவர் கை கழுவ நாமே தண்ணீர் ஊற்றியதாகிவிடும்.

லாவோஸைப் பாருங்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அங்கே 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. வெடிக்காத கொத்துக்குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. போர் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைகளும் அதில் கால் இழந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் போகும் பணம் அமெரிக்கா தீர்க்க வேண்டிய பாக்கி.

சரி, கால் போன ஒரு குழந்தைக்கு என்ன தேவை? காயம் ஆறியதும் பிளாஸ்டரில் அச்சு எடுப்பார்கள். அதன்மேல் சூடாக்கிய பாலிபுரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, மிச்சமுள்ள கால் உள்ளே உட்காருகிற குழியைச் செய்வார்கள். பிள்ளை எழுந்து நடக்கும். ஆனால் பிள்ளை வளருமே! ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ அந்தக் கால் பற்றாது. வெட்டுப்பட்ட எலும்பு தோலைவிட வேகமாக வளர்ந்து முனையில் குத்தும். சிலருக்கு மறுபடியும் அறுவை சிகிச்சை. வளர்ந்தபிறகும் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுக் கால் வேண்டும். பத்து வயதில் கால் இழந்தவருக்கு ஆயுளுக்குள் எப்படியும் இருபது தேவைப்படும்.

உதவித் திட்டங்களோ பெரும்பாலும் மூன்று வருடம், ஐந்து வருடம் என்றுதான் வருகின்றன. அதிகாரிகளின் சம்பளத்தைவிட எனக்கு உறுத்துவது இதுதான். அமெரிக்க செனட்டர் பேட்ரிக் லேஹி முன்னெடுத்து 1989-இல் தொடங்கிய போர்ப் பாதிப்பாளர் நிதி இதற்கு விதிவிலக்கு. யுஎஸ்எய்ட் வழியாகப் பல பத்தாண்டுகள் நடந்தது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தியபோது, அமெரிக்கப் பணத்தில் நடந்த கண்ணிவெடி அகற்றும் வேலைகள்கூடப் பல நாடுகளில் நின்றுபோயின. அதைக் கொண்டாட என்னால் முடியவில்லை.

அப்புறம், கையேந்துவது பற்றி. காபூலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் செயற்கை உறுப்பு மையத்தில் ஆல்பர்ட்டோ கெய்ரோ என்கிற இத்தாலியர் 1990 முதல் வேலை செய்கிறார். அங்கே கால் செய்து பொருத்துகிற பணியாளர்கள் அநேகமாக எல்லாருமே மாற்றுத்திறனாளிகள். சிகிச்சைக்கு வந்து, தொழில் கற்று, அங்கேயே சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்களில் உண்டு.

ஆகவே உதவியை நிறுத்தச் சொல்லாதீர்கள். கணக்குக் கேளுங்கள். உள்ளூரில் எத்தனை பேருக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள்? திட்டம் முடிந்த மறுமாதம் பாலிபுரோப்பிலீன் தகடு யார் வாங்கித் தருவார்கள்? அந்தச் செலவை அந்நாட்டுச் சுகாதாரத் துறை ஏற்கும்வரை பணம் கொடுத்தவர்கள் விலகக் கூடாது.

அன்புடன்.