பாட்ஸ்வில்லின் 1925: பட்டம் யாருக்கு?

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பாலில், 1925 இறுதிப் போட்டியில் பாட்ஸ்வில் மரூன்ஸ் அணி சிகாகோ கார்டினல்ஸை 21–7 என்று வென்றது. ஆனாலும் பட்டம் கார்டினல்ஸ் பெயரில் இருக்கிறது. இது பட்டப்பகல் கொள்ளை அல்லாமல் வேறென்ன?

பதில்: முதலில் ஒரு திருத்தம். அது இறுதிப் போட்டி அல்ல. அன்றைய என்எஃப்எல் லீக்கில் (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) இறுதிப் போட்டி என்ற ஒன்றே கிடையாது. 1933-லிருந்துதான் அது ஆண்டுதோறும் நடக்கிறது. 1925-ல் 20 அணிகள். யாரோடு எத்தனை ஆட்டம் என்பதை அணி முதலாளிகளே தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். ஃபிலடெல்பியாவைச் சேர்ந்த ஃபிராங்க்ஃபோர்ட் அணி 20 ஆட்டம் ஆடியது. டுலூத் ஆடியது மூன்றே மூன்று. இவர்களை எல்லாம் ஒரே தராசில் நிறுக்க வெற்றி சதவீதம் பார்த்தார்கள். சமனான ஆட்டத்தைக் கழித்துவிட்டு, மீதி ஆட்டங்களில் எத்தனை வெற்றி என்று வகுப்பார்கள்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால்தான் வழக்கு புரியும். டிசம்பர் 6 அன்று சிகாகோ கொமிஸ்கி பார்க்கில் ஆட்டம் முடிந்தபோது பாட்ஸ்வில் 10 வெற்றி, 2 தோல்வி: 83.3 சதவீதம். கார்டினல்ஸ் 9 வெற்றி, 2 தோல்வி, ஒரு சமன்: 81.8. அன்றைய நிலவரப்படி பாட்ஸ்வில்தான் முதலிடம். ஆனால் சீசன் டிசம்பர் 20 வரை திறந்திருந்தது. கார்டினல்ஸ் முதலாளி கிறிஸ் ஓபிரையன் அவசர அவசரமாக இரண்டு ஆட்டங்களை ஏற்பாடு செய்தார். 10-ஆம் தேதி மில்வாக்கியை 59–0, 12-ஆம் தேதி ஹேமண்டை 13–0. இப்போது 11 வெற்றி, 2 தோல்வி: 84.6. இப்படி ஆட்டம் சேர்ப்பதற்கு அன்று தடை இல்லை. இதுவரை குற்றம் சொல்ல இடமில்லை.

குற்றம் மில்வாக்கி ஆட்டத்தில் இருக்கிறது. அந்த அணி சீசனை முடித்துக் கலைந்திருந்தது. ஆள் போதாமல் சிகாகோவின் எங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நான்கு பேரை இறக்கினார்கள். அவர்களைக் கூட்டிவந்தவர் கார்டினல்ஸ் ஆட்டக்காரர் ஆர்ட் ஃபோல்ஸ். லீக் தலைவர் ஜோ கார் இதைச் சும்மா விடவில்லை: ஃபோல்ஸுக்கு ஆயுட்காலத் தடை (பின்னர் நீக்கப்பட்டது), ஓபிரையனுக்கு 1,000 டாலர் அபராதம், மில்வாக்கி முதலாளிக்கு 500 டாலர் அபராதம், 90 நாளில் அணியை விற்றுவிட உத்தரவு. எல்லாரும் தண்டனை பெற்றார்கள். அந்த 59–0 மட்டும் இன்றுவரை வெற்றிக் கணக்கில் நிற்கிறது. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். கார்டினல்ஸ் 10–2, பாட்ஸ்வில் 10–2. ஒரு தசமம்கூட வித்தியாசம் இல்லை. நேருக்கு நேர் மோதிய ஆட்டத்திலோ 21–7. சமன் ஆட்டத்தை அரை வெற்றியாகக் கொள்ளும் இன்றைய முறையில் மில்வாக்கி ஆட்டத்தை வைத்துக்கொண்டே வகுத்தாலும் கார்டினல்ஸுக்கு 82.1-தான் வருகிறது. ஆனால் பிற்கால விதியால் பழைய சீசனை அளப்பது முறையல்ல. முந்தைய கணக்கே எனக்குப் போதும்.

இனி பாட்ஸ்வில் செய்த தவறு. அவர்களுடைய ஆதரவாளர்கள் இதை மென்று விழுங்குகிறார்கள். டிசம்பர் 12 அன்று அந்த அணி ஃபிலடெல்பியாவின் ஷைப் பார்க்கில் நோட்டர் டேம் பல்கலைக்கழக முன்னாள் நட்சத்திரங்களோடு, லீக் கணக்கில் சேராத ஒரு காட்சி ஆட்டம் ஆடியது. ஃபிலடெல்பியா, ஃபிராங்க்ஃபோர்ட் அணியின் எல்லை. ஓர் அணியின் எல்லைக்குள் இன்னொரு அணி அனுமதியின்றி ஆடக் கூடாது என்பது லீக் விதி. போதாக்குறைக்கு, அதே நாளில் ஃபிராங்க்ஃபோர்ட்டுக்கும் சொந்த மைதானத்தில் ஆட்டம். ஜோ கார் ஆடாதே என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார். லீக் அலுவலகம் டெலிபோனில் அனுமதி தந்தது என்றார் பாட்ஸ்வில் முதலாளி டாக்டர் ஜான் ஸ்ட்ரீகல். எழுத்தில் எதுவும் இல்லை. 500 டாலர் அபராதம், அணி சஸ்பெண்ட். டிக்கெட் விற்றுத்தான் அணிகள் பிழைத்த காலம். எல்லை விதி போனால் லீக்கே போயிருக்கும். தண்டித்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த சஸ்பென்ஷன் வெறும் அபராதத்தோடு நிற்கவில்லை. கார்டினல்ஸ் இரண்டு ஆட்டம் சேர்த்துக்கொண்ட அதே டிசம்பரில் பாட்ஸ்வில் ஒன்றுகூடச் சேர்க்க முடியாமல் போனது. இன்னும் ஒரே ஒரு வெற்றி கிடைத்திருந்தால் 11–2, கார்டினல்ஸுக்குச் சரிநிகர்.

அந்த அணியின் தரம் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் நிலக்கரிப் பகுதியில், இருபதாயிரம் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர் பாட்ஸ்வில். லீக்கில் அதுதான் முதல் ஆண்டு. 12 ஆட்டங்களில் எடுத்தது 270 புள்ளி, விட்டது 45. ஏழு ஆட்டங்களில் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நவம்பர் 14 அன்று ஃபிராங்க்ஃபோர்ட்டிடம் 20–0 என்று தோற்றவர்கள், இரண்டே வாரத்தில் அதே அணியை 49–0 என்று நொறுக்கினார்கள். டோனி லாட்டோன் சிறுவயதிலேயே சுரங்கத்துக்குப் போனவர். வண்டி தள்ளி உரமேறிய கால்களோடு பந்தைக் கட்டிக்கொண்டு பாய்ந்தால் ஓர் ஆள் பிடித்து நிறுத்த முடியாது. பயிற்சியாளர் டிக் ராச் ஆட்டக்காரர்களை ஊரிலேயே தங்கவைத்து வாரம் முழுக்கப் பழக்கினார். பல அணிகள் ஆட்டத்தன்றுதான் ஒன்றுகூடிய காலம் அது. ஒரு சாதகமும் இருந்தது. ஞாயிறு ஆட்டத்துக்கு மாநிலச் சட்டம் தடை. ஃபிராங்க்ஃபோர்ட் அதை மதித்துச் சனிக்கிழமை ஆடியது. நிலக்கரி ஊர்கள் கண்டுகொள்ளாமல் ஞாயிறன்று ஆடின. வெளியூர் அணிகள் சனிக்கிழமை அங்கே அடிவாங்கி, மறுநாள் களைப்போடு இங்கே வந்து இறங்கும். அணிக்கு 16 பேர்தான் உச்சவரம்பு. தாக்குவதும் தடுப்பதும் அதே ஆட்கள்.

அந்த ஷைப் பார்க் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்ஸ்வில் 7–0 என்று பின்தங்கியிருந்தபோது லாட்டோன் ஒரு டச்டவுன் போட்டார் (பந்தோடு எதிரணியின் கோட்டைக் கடப்பது, 6 புள்ளி). கூடுதல் புள்ளிக்கான உதையைத் தவறவிட்டார் சார்லி பெர்ரி. அந்த சீசனில் லீக்கிலேயே அதிகமாக, 74 புள்ளி எடுத்தவர் அவர். ஆட்டம் முடியும் தறுவாயில் அதே பெர்ரி ஃபீல்டு கோல் அடித்தார் (பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைப்பது, 3 புள்ளி). 9–7. கல்லூரி ஆட்டம்தான் உசத்தி என்று நினைத்த நாட்டில், தொழில்முறை அணிக்கு மதிப்புத் தேடித்தந்த வெற்றி அது. அதற்கான கூலி சஸ்பென்ஷன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: சஸ்பென்ஷன் கொள்ளை அல்ல. மில்வாக்கி ஆட்டத்தைக் கணக்கில் வைத்திருப்பது அநியாயம். அதை நீக்கினால் பட்டம் பாட்ஸ்வில்லுக்குத்தான். ஓபிரையனே பட்டத்தை ஏற்க மறுத்தவர். அணி பிட்வில் குடும்பத்தின் கைக்கு மாறிய பிறகுதான் கார்டினல்ஸ் அதை உரிமை கொண்டாடத் தொடங்கியது. பாட்ஸ்வில்லை 1926-ல் லீக் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 1929-ல் அணி பாஸ்டனுக்குப் போய்விட்டது. பட்டத்தைக் கேட்டு ஊர்க்காரர்கள் 1963-ல் முட்டிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2003-ல் மறுபடி வாக்கெடுப்பு: 30–2 என்று தோல்வி. ஆதரித்த இரண்டும் பென்சில்வேனியா அணிகள். ஒன்று பிட்ஸ்பர்க். மற்றது, எந்த ஊர் எல்லையை மீறியதற்காகப் பாட்ஸ்வில் தண்டிக்கப்பட்டதோ அந்த ஃபிலடெல்பியா.