சாம்பார் சாதம் சாப்பிட்டு வளரும் நாய்க்கு எதெல்லாம் ஆகாது?

"எங்கள் வீட்டு நாய் நாங்கள் சாப்பிடுவதையேதான் சாப்பிடுகிறது. சாக்லேட் ஆகாது என்று தெரியும். வேறு எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் மக்கடேமியா கொட்டையில் தொடங்கும். நம்மில் எத்தனை பேர் வீட்டில் அது இருக்கிறது? என்னைக் கேட்டால், நம் சமையலறையில் நாய்க்கு முதல் எதிரி வெங்காயம்தான். பூண்டும் அதே இனம். இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனால் இரத்தத்தில் பாதிப்பு தெரியும். 10 கிலோ நாய்க்கு 150 கிராம், அதாவது இரண்டு பெரிய வெங்காயம் போதும். ஒரே வேளையில் அவ்வளவு போகவேண்டும் என்பதுகூட இல்லை. சாம்பார், குருமா, குழம்பு என்று நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கெடுதல்தான். அறிகுறிகள் பெரும்பாலும் சில நாட்கள் கழித்தே வரும்: ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகும், நாய் சோர்ந்து படுத்துவிடும். வெயில் தாங்காமல் படுத்திருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். போன வாரத்துக் குருமா யாருக்கு நினைவிருக்கும்?

அடுத்தது திராட்சை. பழமானாலும் பாயசத்தில் போடும் உலர்திராட்சையானாலும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. ஒரு நாய் கைப்பிடி தின்றுவிட்டு நன்றாக இருக்கும், இன்னொன்று சிலவற்றிலேயே படுத்துவிடும். அதனால் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று அளவு சொல்ல முடியாது. காரணம் நெடுங்காலம் புதிராக இருந்தது. 2021-இல் அமெரிக்காவின் விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு மையம் ஒன்றைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள், திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதே அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் புளி! புளியைத் தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றியும் மருத்துவ இதழில் பதிவு வந்திருக்கிறது. குழம்பில் கரைத்த புளி அந்த அளவுக்கு வராதுதான். ஆனாலும் புளிக்குழம்புச் சாதத்தை அன்றாட உணவாக வைக்காதீர்கள். கரைத்துப் பிழிந்த சக்கையை நாய்க்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

சாக்லேட்டில் அளவும் வகையும் முக்கியம். அதிலுள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் போனால் தொல்லை தொடங்கும். 10 கிலோ நாய்க்கு அது ஏறக்குறைய 100 கிராம் பால் சாக்லேட்; கோகோ பவுடரென்றால் 10 கிராமுக்குக் குறைவே போதும். ஆகவே குழந்தை ஊட்டிய ஒரு துண்டுக்காகப் பதறுவதைவிட, கேக் செய்பவர்கள் கோகோ டப்பாவைப் பூட்டி வைப்பது மேல்.

சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், சில பற்பசைகள் ஆகியவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம். லேபிளில் 967 என்ற எண்ணாகவும் ஒளிந்திருக்கும். கிலோவுக்கு 0.1 கிராமே நாயின் இரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும், பல சமயம் ஒரு மணி நேரத்துக்குள். அளவு கூடினால் கல்லீரலும் போகும்.

வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். மாங்கொட்டை குடலை அடைக்கும். கோடையில் அதற்காகவே அறுவை சிகிச்சை வரை போகிறார்கள். கருவாடு, ஊறுகாய் உப்புக்காகவே வேண்டாம்.

"தெருநாய்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டு நன்றாகத்தானே இருக்கின்றன?" என்று யாராவது சொல்வார்கள். தின்றுவிட்டுச் செத்த நாய் மறுநாள் நம் வாசலுக்கு வருவதில்லை.

ஏதாவது தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே நாயைக் கொல்லலாம். அறிகுறிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். என்ன, எவ்வளவு, எப்போது என்ற விவரத்தோடும் மேலுறையோடும் உடனே மருத்துவரிடம் போங்கள். தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் அவரே மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக வாந்தி எடுக்க வைக்க முடியும்.

வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தவேண்டியதில்லை. வெங்காயம், புளி, உப்பு, மசாலா சேர்ப்பதற்கு முன் வெந்த பருப்பிலும் காயிலும் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுங்கள். கேரட், பீன்ஸ், பூசணி எதுவானாலும் சரி. சோற்றோடு அதைப் பிசைந்து, அவித்த முட்டையோ எலும்பு நீக்கிய கோழியோ சேர்த்தால் நாய் தட்டை நக்கிவிட்டுத்தான் நகரும்.