பிஹெச்.டி. கனவும் தபால்வழி எம்.எஸ்சி.யும்

கேள்வி: பி.எஸ்சி. உளவியல் கடைசி வருஷம் படிக்கிறேன். பிஹெச்.டி. முடித்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக ஆசை. "வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் எம்.எஸ்சி. முடித்துவிடு, பட்டம் எப்படி வாங்கினால் என்ன" என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?
- வாசகி, ஈரோடு

பதில்: அன்புத் தங்கைக்கு, அப்பா சொல்லும் வழி இப்போது இல்லை. 2025 ஜூலை சேர்க்கை முதல் உளவியலைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நிறுத்திவிட்டது. இதை அவரிடம் முதலில் சொல்லுங்கள், பாதி வாக்குவாதம் முடிந்துவிடும்.

அடுத்து, உங்கள் கனவில் இரண்டு பாதைகள் கலந்திருக்கின்றன. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பணியாற்ற, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்குக் கவுன்சில் அங்கீகரித்த, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய படிப்பு தேவை. பொதுவான உளவியல் பிஹெச்.டி. மட்டும் அந்தப் பதிவைத் தராது. இது தெரியாமல் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டுப் பின்னால் தவிப்பவர்கள் உண்டு. அந்தப் படிப்புகளின் வடிவம் இப்போது மாறிவருகிறது. அதனால் சேரும் முன் கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

சரி, ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால்? மூன்று வருஷ பி.எஸ்சி.க்குப் பிறகு முதுகலையில் 55 சதவீதம் தேவை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. ஆனால் மதிப்பெண் வாசல் வரைதான் கொண்டுபோகும். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு கேள்வியை ஆராய்ச்சியாக மாற்றக் கற்றுக்கொண்டீர்களா என்பதுதான் பிஹெச்.டி. நேர்காணலில் தெரிந்துவிடும்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்களின் தூக்கமும் கவனமும் பற்றி ஆய்வேடு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வேண்டும்? பகல் ஷிப்டில் இருப்பவர்களோடு ஒப்பிடாமல் ஏதாவது சொல்ல முடியுமா? வயது, குழந்தைகள், வீட்டு வேலை எல்லாமே தூக்கத்தைக் கெடுக்குமே, அவற்றை எப்படிப் பிரிப்பீர்கள்? கேள்வித்தாள் தமிழில் சோதித்துப் பார்க்கப்பட்டதா? சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் அந்தப் பெண் உண்மையைச் சொல்வாரா? கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக அது மனமுவந்த சம்மதம் ஆகிவிடுமா? இவற்றோடு ஆறேழு மாதம் மல்லுக்கட்டியவர் பிஹெச்.டி.க்குத் தயாராகிவிட்டார் என்பேன். இணையத்தில் ஒரு படிவத்தை நண்பர்களுக்கு அனுப்பி, வந்த எண்களை யாரோ கணக்குப் போட்டுக் கொடுக்க, அதை ஆய்வேடாக்கியவருக்கு இந்தப் பயிற்சி எதுவுமே கிடைத்திருக்காது.

அதனால் புள்ளியியலைக் கண்டு ஒதுங்காதீர்கள். ஜமோவி, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இன்றே தொடங்கலாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் உளவியல் பாடத்திட்டத்திலும் ஆய்வு முறையும் புள்ளியியலும் ஒரு தனி அலகு. 2024 முதல் நெட் மதிப்பெண் பிஹெச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. அதே தேர்வின் வழியாக ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். வருமானத்தை நினைத்துத்தான் அப்பா தயங்குகிறார் என்றால் இந்தத் தொகையையும் சொல்லுங்கள், கூடவே அது கடும் போட்டிக்குப் பிறகு கிடைப்பது என்பதையும்.

கல்லூரியின் பெயரைவிட அங்கே வழிகாட்டுபவர் யார் என்பதைப் பாருங்கள். துறை ஆசிரியர்கள் சமீபத்தில் எழுதிய கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். நூலகத்தில் போன வருஷ ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். அங்கே பிஹெச்.டி. செய்யும் ஒருவரிடம், "உங்கள் கைடு வரைவைத் திருத்தித் தர எத்தனை நாள் ஆகும்?" என்று கேளுங்கள். விளம்பரக் கையேட்டில் இதெல்லாம் இருக்காது.

சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் இரண்டிலும் உளவியல் துறை உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் எம்.எஸ்சி. பயன்பாட்டு உளவியலுக்கு க்யூட்-பிஜி என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சில ஆண்டுகளாக அந்தத் தேர்வு மார்ச்சில் நடக்கிறது, விண்ணப்பம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். கடைசி செமஸ்டர் மும்முரத்தில் அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.