மத்தியானம் போனால் கார் ரிப்பேர், ராத்திரி போனால் டாக்கோ

கேள்வி: பயணத்தில் ஒருமுறை சாப்பிட்டுப் பிடித்துப்போன கடையைத் தேடி, வருடங்கள் கழித்து மறுபடி போனதுண்டா? அதே ருசி இருந்ததா?

போனதுண்டு. மெக்சிகோ சிட்டியில் எல் வில்சிட்டோ என்கிற டாக்கோ கடை. டாக்கோ என்றால் சின்ன ரொட்டியில் கறி வைத்து மடித்துச் சாப்பிடுவது. ருசியைப் பற்றிச் சொல்வதற்கு முன் நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை போனது 2018-ல், வேலை விஷயமாக. விமானம் தாமதமாகி, தங்கும் இடத்தில் பையை வைக்கும்போதே நடுராத்திரி நெருங்கிவிட்டது. உள்ளூர் நண்பர் ஒருவர் "பசிக்குமே" என்று நார்வார்தே என்கிற பகுதிக்குக் காரில் கூட்டிப்போனார். தூக்கக் கலக்கத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெரிய ஷெட், பளிச்சென்று விளக்கு, கும்பல், கறி தீயில் வேகும் வாசனை. நின்றுகொண்டே ஆறு டாக்கோ சாப்பிட்டேன். ஊருக்கு வந்து ஆறு வருடம் அதைப் பற்றியே பேசி வீட்டில் எல்லாரையும் அறுத்துத் தள்ளினேன்.

2024 கடைசியில் மறுபடி மெக்சிகோ போக வாய்த்தது. இந்தத் தடவை நண்பர் ஊரில் இல்லை, ஆனால் முகவரி கையில் இருந்தது. பெத்தேன் தெருவும் யுனிவெர்சிதாத் அவென்யூவும் சேரும் முனை, எவுஹேனியா மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று வெயிலில் நடந்து போனால், கடையைக் காணோம். அந்த முனையில் பானெட் திறந்த கார்கள் நிற்கின்றன, கிரீஸ் படிந்த உடுப்பில் ஒருத்தர் காருக்கடியில் படுத்திருக்கிறார். சரி, கடையை மூடிவிட்டு மெக்கானிக் ஷெட்டாக்கிவிட்டார்கள் போல என்று நெஞ்சே கனத்துப் போனது. இருந்தாலும் விடவில்லை, காருக்கடியில் இருந்தவரிடம் "டாக்கோஸ்?" என்று பரிதாபமாகக் கேட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு. என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார். "என் லா நோச்சே" என்றார். ராத்திரியில் வா.

விஷயம் இதுதான். அது பகலில் உண்மையாகவே கார் ஒர்க்ஷாப், பொழுது சாய்ந்தபின் டாக்கோ கடை. ஊருக்கே தெரிந்த இந்த விஷயம், நடுராத்திரியில் அரைக்கண் திறந்து சாப்பிட்ட எனக்கு மட்டும் தெரியவில்லை.

ராத்திரி பதினொன்றுக்குப் போனேன். கும்பல் அப்படியே, வாசனையும் அப்படியே. அங்கே வாங்க வேண்டியது அல் பஸ்தோர். மிளகாய் விழுதும் அச்சியோத்தே என்கிற சிவப்பு விதை விழுதும் பூசி ஊறவைத்த பன்றிக்கறித் துண்டுகளை ஒரு கம்பியில் அடுக்கடுக்காகக் குத்தி, நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் தீ எரிய, சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே அகலம், கீழே ஒடுக்கம். அந்த உருவத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் த்ரோம்போ. ஸ்பானிஷில் பம்பரம் என்று அர்த்தம், பார்த்தால் பம்பரமேதான். நம்மூர் ஷவர்மா மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் தப்பில்லை. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த வித்தைதான் அங்கே ஆட்டுக்கறியிலிருந்து பன்றிக்கறிக்கு மாறி, மிளகாயும் அன்னாசியும் சேர்ந்து வேறொன்றாகிவிட்டது. பம்பரத்தின் தலையில் ஒரு அன்னாசி உட்கார்ந்திருக்கும். கத்திக்காரர் கறியைச் சீவி டோர்ட்டியா என்கிற மக்காச்சோள ரொட்டியில் விழவைத்து, அதே வீச்சில் அன்னாசியை ஒரு சுண்டு சுண்ட, துண்டு பறந்து வந்து டாக்கோவில் விழும். நான் பார்த்தவரை ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், அதற்குக் காரணம் உண்டு. வேகமாகச் சீவச் சீவ மேல்பரப்பு முறுகலாகவும் அடியில் ஈரமாகவும் வந்துகொண்டே இருக்கும். ஆளில்லாத நேரத்தில் எந்தக் கடையானாலும் கறி தீப்பக்கம் நின்று காய்ந்துவிடும், இல்லையென்றால் வெந்தும் வேகாமல் வெளுத்துக் கிடக்கும்.

ருசி அதேதானா? கறி அதேதான், சத்தியமாக. ஆனால் டாக்கோ என் நினைவில் இருந்ததைவிடச் சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. ஆறு சாப்பிட்டேன் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டது கொஞ்சம் ஓவர். இன்னொன்று, முதல் தடவை கவனிக்காத டோர்ட்டியாவை இந்தத் தடவைதான் கவனித்தேன். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவிட்டு அரைப்பார்கள், அந்தச் சுண்ணாம்பினால்தான் அதற்கென்று ஒரு மணம், மாவும் பிடித்து நிற்கிறது. மைதா டோர்ட்டியாவில் சீஸ் உருக்கி இதே கறியை வைத்துத் தரும் கிரிங்காவையும் பலர் சிலாகிக்கிறார்கள். எனக்கு அது வயிற்றை அடைக்கிற சமாச்சாரம், சீஸில் கறி அமுங்கிப்போகிறது.

சட்னி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "நாம் பார்க்காத காரமா" என்று நானும் 2018-ல் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டவன்தான். மிளகாயே அந்த மண்ணிலிருந்துதான் நம்மூருக்கு வந்தது என்பது கண்ணில் நீர் வழிய நிற்கும்போதுதான் உறைத்தது. இந்தத் தடவை ஒரு சொட்டு தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஊற்றினேன்.

மெக்சிகோ சிட்டிக்குப் போகிறவர்கள் பலர் அங்கே சான் ரஃபேல் பகுதியில் இருக்கும் எல் கலிஃபா தே லியோன் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். 2024-ல் மிஷலின் நட்சத்திரம் (நல்ல உணவகங்களுக்குத் தரும் பெரிய கௌரவம்) வாங்கிய சின்னஞ்சிறு டாக்கோ கடை. போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே மாட்டுக்கறி டாக்கோதான் பெயர் பெற்றது, அல் பஸ்தோரை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பன்றி சாப்பிடாதவர்கள் எல் வில்சிட்டோவுக்காக மெனக்கெட வேண்டியதில்லை. சைவக்காரர்கள் தெருவோரக் கடைகளில் கேசதியா (உள்ளே ஏதாவது வைத்து மடித்த டோர்ட்டியா) கேட்கலாம், சப்பாத்திக்கள்ளி, காளான், பூசணிப்பூ எல்லாம் வைத்துச் சுட்டுத் தருவார்கள். ஒன்று மட்டும்: பெயரிலேயே சீஸ் (ஸ்பானிஷில் கேசோ) இருந்தாலும் மெக்சிகோ சிட்டியில் கேசதியாவுக்குள் சீஸ் இருக்குமென்று உத்தரவாதம் இல்லை. வேண்டுமென்றால் "கொன் கேசோ", அதாவது சீஸோடு, என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.