பிள்ளை அழட்டுமே

அன்புள்ள ஐயா,

போன கிழமை என் 7 வயது மகளுக்கு, பூமியில் தனியே விடப்பட்ட வேற்றுக்கிரகப் பிராணி ஒரு பையனோடு பழகும் 'ஈ.டி.' படத்தைப் போட்டுக் காட்டினேன். விண்கலம் கிளம்பியதும் அழத் தொடங்கியவள், படுக்கும்வரை ஓயவில்லை. அவளுடைய அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். லீவு முடிந்து போய் இரண்டு மாதம்தான். இந்த மாதிரிப் படங்களில் அந்தப் பிராணி ஏன் கடைசியில் போயே தீர வேண்டும்? காட்டாமலே விட்டிருக்கலாமோ?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

காட்டியது நல்லதுதான். அந்தப் படத்தில் வரும் பையன் எலியட்டின் அப்பாவும் வீட்டில் இல்லை. சாப்பாட்டு மேசையில், அவர் மெக்சிகோவில் இருக்கிறார் என்று பையன் பட்டென்று சொல்ல, அம்மாவின் முகம் வாடிவிடும். சின்னக் காட்சி. நாம் மறந்துவிடுவோம், உங்கள் மகள் மறந்திருக்க மாட்டாள்.

கடைசியில் அந்தப் பிராணி "வா" என்கிறது. பையன் "இரு" என்கிறான். இரண்டு பேராலும் முடியாது. ஆனால் ஆறுதலாக நின்று, கட்டிப்பிடித்து, சொல்லிக்கொண்டு போகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நம் பிள்ளைகளுக்கு அது எங்கே கிடைக்கிறது? பெட்டி, பாஸ்போர்ட், நேரம் என்று ஓடிக்கொண்டிருப்போம். அன்றைக்கு அழாததை அவள் இப்போது அழுதிருக்கலாம். அழட்டுமே.

இயக்குநர் ஸ்பீல்பெர்க் 1982இல் வந்த இந்தப் படத்தைப் பெரும்பாலும் கதை வரிசையிலேயே எடுத்தார். விடைபெறும் காட்சி வந்தபோது நடித்த பிள்ளைகளுக்கும் பிரியும் நாள் நெருங்கியிருந்தது. அந்த அழுகையில் பொய் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே மாதிரிக் கதை ஒன்று நம் பக்கத்திலும் இருந்தது. வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் 1967இல் எழுதிய 'தி ஏலியன்' திரைக்கதையில், வங்காளக் கிராமத்துத் தாமரைக் குளத்தில் விண்கலம் இறங்கும். ஹாபா என்ற ஏழைச் சிறுவனோடு அந்த உயிர் பழகும். ராயை ஊக்கப்படுத்தியவர் நம் கொழும்பில் குடியிருந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். படம் கடைசிவரை எடுக்கப்படவே இல்லை. நம் பிள்ளைகளைப் போலவே இருக்கும் ஒரு பையனை அந்தக் கதையில் பார்க்காமல் போனோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

சரி, அடுத்து ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் கார்ட்டூன் படம் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) போடுங்கள். அதில் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பார். மழையில் பஸ் தரிப்பிடத்தில் அப்பாவுக்காகக் காத்து நிற்கும் அக்கா தங்கைக்குப் பக்கத்தில், டோட்டோரோ என்ற பெரிய பிராணி சத்தமில்லாமல் வந்து நிற்கும். விடைபெறும் காட்சியே கிடையாது. உங்கள் கணவருக்கு லீவான வெள்ளிக்கிழமையில் பாருங்கள். முடிந்ததும் வட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அவளே கதை சொல்லட்டும்.