கச்சேரியை ரத்து செய்தது யார்?

கேள்வி: கடலூர் முதுநகரில் இன்னிசைக் குழு நடத்துகிறேன். 2023ல் வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. கால்வாய் வெட்டியதைப் பற்றி ஒரு கல்யாண மேடையில் பேசினேன். வீடியோ பரவியதும் கட்சிக்காரர்கள் கேவலமாகத் திட்டினார்கள். ஒப்புக்கொண்டிருந்த ஆடித் திருவிழாக் கச்சேரியும் போய்விட்டது. இப்போது விழாக் குழு, முன்பணம் 30,000 ரூபாயோடு 25,000 ரூபாய் இழப்பீடும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு நடந்ததுதான் எனக்கும். பேச்சுரிமை, மானநஷ்டம் இரண்டிலும் வழக்குப் போடலாமா?

பதில்: 2018ல் டெல்லியில் கிருஷ்ணாவின் கச்சேரி தள்ளிப்போனபோது, அதை நடத்த இருந்தவர்களில் இந்திய விமான நிலைய ஆணையமும் உண்டு. அது அரசு அமைப்பு. உங்கள் எதிராளி தெருவில் வசூல் செய்து விழா நடத்தும் குழு. பேச்சுரிமையைக் காட்டி அவர்களிடம் ஒரு மேடையை வாங்க முடியாது. திட்டினவர்களை விடுங்கள். கை காலை உடைப்பேன் என்று எழுதியவர்கள் இருந்தால் அதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட்டோடு போலீசில் கொடுங்கள்.

நீங்கள் அனுப்பிய முழுக் கடிதம் ஆறு பக்கம். வழக்கு ஐந்தாம் பக்கத்தில் ஒரே வரியில் இருக்கிறது. 'குழு தயங்குகிறது' என்று சவுண்ட் சர்வீஸ்காரர் சொல்லக் கேட்டு, இரவு 11.40க்கு செயலாளருக்கு நீங்கள் போட்ட வாட்ஸ்அப்: "உங்க ஊர் மேடையில இனி கால் வைக்க மாட்டேன்." மறுநாள் காலை அவர், "சரிண்ணே, நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்." அதுவரை குழுவிலிருந்து யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியானால் ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள். அவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதை நீதிமன்றம் தோண்டிக்கொண்டிருக்காது.

முன்பணத்தைத் திருப்பித்தான் தர வேண்டும். 25,000? கடைசி நேரத்தில் வேறு குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்ததற்கு ரசீது காட்டினால், ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவில் அந்த வித்தியாசத்தைக் கேட்க வழி உண்டு.

எனக்குப் பயம் இந்தப் பணம் இல்லை. இன்னொரு கலைஞர், கிட்டத்தட்ட இதே நிலைமை. நோட்டீஸ் வந்த அன்றே லைவ் போட்டார். செயலாளர் பேரைச் சொல்லி, "விழாப் பணத்தைத் தின்னவன்" என்றார். ஆதாரம் எதுவும் கையில் இல்லை. செயலாளர் கிரிமினல் அவதூறு வழக்குப் போட்டார். பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை தண்டனை. தண்டனை வருமோ வராதோ, வாய்தா வரும். அது பார்த்து முகூர்த்த நாளில்தான் வரும். நாலு கல்யாணத்தை விட்டுவிட்டு கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் முதல் பிரச்சினை வெறும் முன்பணம்தான்.

வளையமாதேவியைப் பற்றி நீங்கள் பேசியதில் தனி ஆளைச் சொல்லவில்லை, அது இருக்கட்டும். குழுவைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதாதீர்கள். அந்த வாட்ஸ்அப்பையும் அழிக்காதீர்கள், அவர்கள் போனில் அது இருக்கிறது. அழித்தால் மறைத்தீர்கள் என்ற பேர் வேறு வரும்.

சமாதானம் பேசுங்கள். 30,000 இரண்டு தவணையில், இழப்பீடு கிடையாது என்று ஆரம்பியுங்கள். ஐயாயிரம் பத்தாயிரம் ஏறினாலும் முடித்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், வங்கி வழியாகவே போகட்டும். கடைசித் தவணைக்கு முன், 'இனி இருவருக்கும் பாக்கி இல்லை' என்ற தாளில் செயலாளர் மட்டுமல்ல, தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அடுத்த வருஷம் குழு மாறும்.