வேலைத்தளத்துக்குத் தற்காலிக ஆபீஸ் அறை: எதைப் பார்த்து எடுப்பது?

போர்ட்டபிள் ஆபீஸ் என்பது தொழிற்சாலையிலேயே செய்து, லாரியில் கொண்டுவந்து இறக்கி, வேலை முடிந்ததும் அப்படியே தூக்கிப்போகும் அறை. 20 அடி நீளம், 8 அடி அகலம் என்பது பரவலான அளவு.

முதலில் சுவரைப் பாருங்கள். வெறும் இரும்புத் தகடு வெயிலில் சீக்கிரம் சூடேறி, அந்தச் சூட்டை உள்ளே கடத்திவிடும். நடுவில் ஃபோம் வைத்த இரட்டைச் சுவர் அதைத் தடுக்கும். கொதிநீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் கை சுடும், பிளாஸ்க்கில் ஊற்றினால் சுடாது. அதே கதைதான்.

அப்புறம் அறையை இறக்கிவைக்கும் தரை. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் உட்காராவிட்டால் அறையின் இரும்புச் சட்டகம் லேசாக முறுக்கிக்கொள்ளும். கதவின் மேல்விளிம்பு உரசும், தாழ்ப்பாள் துளையில் விழாது. கான்கிரீட் கட்டைகள் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே இறக்கச் சொல்லுங்கள். மழைநீர் தேங்கும் பள்ளம் வேண்டவே வேண்டாம். லாரியும் கிரேனும் வந்து திரும்ப வழி இருக்கிறதா, மேலே மின்கம்பி போகிறதா என்று முன்னதாகவே நடந்து பார்த்துவிடுங்கள்.

ஏசி போட்டுவிட்டால் எந்த அறையும் சரி என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றைத் தகட்டுச் சுவருக்குள் ஏசி நிற்காமல் ஓடி மின்சாரத்தைத் தின்னும், உச்சிவெயிலில் அறை அப்போதும் சரியாகக் குளிராது.